காப்புக் கட்டிய இயேசு

கண்டியில் ஒரு புடவைக் கடை மேசையில் வெள்ளைத் துணியை விரித்துப் போட்டு, வெளிச்சம் எவ்வளவு ஊடுருவுகிறது என்று ஃபோனின் டோர்ச்சை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே ஃபோன் அடித்தது. எடுத்தால், இயேசு.

"டீச்சர், நான் முருகேசு. எனக்குக் காப்புக் கட்டிட்டாங்க."

"நல்லது, சந்தோசம்" என்றேன். ஏதோ கோயில் கயிறு என்று நினைத்தேன்.

"அதனால ஒரு சின்னச் சிக்கலுங்க. நான் தோட்டத்த வுட்டு வெளிய வர முடியாது."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் நாடகம். அன்று வியாழன். துணியை வெட்டக் கத்தரிக்கோலோடு நின்ற கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ. இயேசு வருவாரோ தெரியாது" என்றேன்.

அந்த மனிதர் மரியாதையாகக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

தோமா எங்கே போனார்?

நாடகம் தோமாவைப் பற்றியது. கதை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன இயேசு உயிர்த்து, பூட்டிய வீட்டுக்குள் இருந்த சீடர்களைப் பார்க்க வந்தார். அந்த நேரம் பார்த்துத் தோமா மட்டும் வீட்டில் இல்லை. எங்கே போயிருந்தார் என்று வேதாகமம் சொல்லவில்லை. திரும்பி வந்தவரிடம் மற்றவர்கள் எல்லோரும் "நாங்கள் கண்டோம்" என்றார்கள். ஆணி அடித்த காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று தோமா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சந்தேகக்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

எனக்கு இதில் நெடுநாள் கோபம். மற்றவர்களும் பார்த்துவிட்டுத்தானே நம்பினார்கள்? அவர்களுக்கு ஒரு சட்டம், தோமாவுக்கு ஒரு சட்டமா? என் கோபத்தைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று. இது அதில் முதலாம் இலக்கக் கோபம்.

"ஏன் டீச்சர் ரொக் இசை? அழகான கீர்த்தனையாச் செய்யலாமே?" என்று பலர் கேட்டார்கள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் வாழ்க்கைப்பட்டு, பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கீர்த்தனைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் கீர்த்தனையில் கடவுளைக் கெஞ்சலாம், கொஞ்சலாம், கொஞ்சம் கோவித்துக்கூடக் கொள்ளலாம். மேசையில் அடித்துக் கேள்வி கேட்க எனக்கு மின்கிற்றார் தேவைப்பட்டது. என் பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் அது இருந்தது.

தோமாவாக நானே நடித்தேன். ஐம்பத்தைந்தைத் தாண்டிய பெண் சீடராக நிற்பதா என்று கேட்டவர்களுக்கு முருகேசுவைக் காட்டினேன். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் காமன் கூத்தில் வருடா வருடம் ரதியாக வேஷம் போடுகிறவர் அவர். மற்ற நாட்களில் கண்டி நகரத்தில் ஃபோன் திருத்துகிறார். என் ஃபோனைத் திருத்திக்கொண்டே ரதியின் ஒப்பாரியை அவர் முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் பிடித்து வந்தேன். ரதி இயேசுவாகலாம் என்றால் டீச்சர் தோமாவாகக் கூடாதா?

பார்க்கக் கூடாதவர், நம்ப வேண்டியவர்

ட்ரம்ஸ் அடிக்க அக்குறணையிலிருந்து ரிஸ்வான் வந்தார். குளியலறைச் சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறார். அவருடைய ட்ரம்ஸ் கடையின் பின்பக்கம், தண்ணீர்த் தாங்கிகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். கதையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"ஈஸா நபி டீச்சர், எங்களுக்கும் நபி. நபிமார ஒரு ஆள் வேஷம் போட்டுக் காட்டுறது எங்களுக்கு ஏலாது. நான் அடிக்கிறன், ஆனா மேடையில அவர்ட முகம் தெரியக் கூடாது."

கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. நான் இத்தனை வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த இயேசு படங்களில் எல்லாம் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அந்த முகம் சரியா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ரிஸ்வான் யோசித்திருக்கிறார். முகத்தை யாரும் கற்பனைகூடச் செய்யக் கூடாத அளவுக்கு அவருக்கு அந்த மனிதர் மேல் மரியாதை. அப்படித்தான் வெள்ளைத் துணி வந்தது. இயேசு திரைக்குப் பின்னால் நிழலாக நிற்பார். காயத்தைத் தொடும் கட்டத்தில் கை மட்டும் வெளியே வரும்.

"கை?" என்று கேட்டேன்.

ரிஸ்வான் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "கை வாற நேரம் நான் கண்ண மூடிக்கிறன்."

கோயில் மண்டபத்தை எங்களுக்குத் தந்தவர் ஃபாதர் செபமாலை. மன்னார்க்காரர், பெரிய சிரிப்புக்காரர். அவருக்குத் திரையும் பிரச்சினை இல்லை, இந்து இயேசுவும் பிரச்சினை இல்லை. அவர் கேட்டது ஒன்றைத்தான்.

"டீச்சர், கடைசியில தோமா நம்ப வேணும். நம்பிறன் எண்டு வாயால பாட வேணும். நம்பாமல் திரைய மூடினா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"ஓம் ஃபாதர், பாட்டு வரும்."

பாட்டு வரவில்லை. மற்ற எல்லாப் பாட்டும் வந்தது. தோமா கத்துகிற பாட்டு, மற்றச் சீடர்களைக் கேலி செய்கிற பாட்டு, வெறும் கதிரையோடு பேசுகிற பாட்டு, எல்லாம் ஒரு மாதத்துக்குள் முடிந்தது. கடைசிப் பாட்டுக்கு உட்கார்ந்தால் பேனா நகராது. ஒத்திகைக்கு ஒத்திகை ஃபாதர் கதவடியில் வந்து நின்று, "கடைசிப் பாட்டு எங்க டீச்சர்?" என்று கேட்பார். நானும் ரிஸ்வானிடம் ஏதோ அவசரமாகப் பேசத் தொடங்கிவிடுவேன்.

தேத்தண்ணிக் கதை

ஒத்திகையில் எங்களுக்கு ஒரு வழக்கம். முறை வைத்து ஒருவர் தெரு முனைக் கடைக்குப் போய் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கி வர வேண்டும். ஃபாதர்கூடத் தன் முறைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவார். நான் மட்டும் போனதில்லை. என் முறை வந்தால் காசை நீட்டி இன்னொருவரை அனுப்பிவிடுவேன்.

"டீச்சருக்குக் கால்ல ஆணி அடிச்சிருக்கு" என்பார் ரிஸ்வான். சிரிப்பேன்.

காரணத்தை அவர்களிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். இவர், என் வீட்டுக்காரர், பேராதனையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களில் நானும் இவருடைய தம்பி குடும்பமும் பக்கத்திலேயே இருந்தோம். ஒருநாள் காலை, கொஞ்சம் தெளிவாக இருந்தார். எனக்குத் தலையிடி. போய் ஒரு பிளேன் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "சிரிச்சுக்கொண்டுதான் போனவர் அக்கா, உங்கட பேரைச் சொன்னவர்" என்றார்கள். ஆளுக்கு ஆள் அதையே சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை. ஆனால் நான் பார்க்கவில்லையே.

அன்றிலிருந்து நான் கோயிலுக்குப் போவேன், பாட்டுக்காரருக்கு ஆர்மோனியம் வாசிப்பேன், விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்று சொல்கிற இடத்தில் மட்டும் வாயை அசைக்க மாட்டேன். தோமா எங்கே போயிருந்தார் என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். நான் எழுதிய நாடகத்தின் முதல் பாட்டே அதுதான். கேட்டவர்கள் எல்லோரும் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

ஒருநாள் ஒத்திகை முடிந்து முருகேசு சொன்னார்: "எங்க காமனும் எந்திரிச்சு வருவாரு டீச்சர். சிவன் எரிச்சதுக்கு அப்புறம். ஆனா ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவாரு. ஊருக்குத் தெரிய மாட்டாரு."

"அப்ப ஊர் எப்படி நம்பும்?"

"ரதி அழுகைய நிப்பாட்டுதுல்ல. அதப் பாத்துத்தான்."

எனக்குச் சுருக்கென்றது. எடுத்தெறிந்து பேசிவிட்டேன். "அதெல்லாம் சரி. நீர் வேஷத்தை ஒழுங்காப் போடும். வெள்ளை வேட்டியக் கட்டினாப் போல இயேசு ஆகேலாது. பக்தியோட செய்ய வேணும்."

"சரிங்க டீச்சர்" என்றார் முருகேசு. அந்த வாரம் தோட்டத்துக்குப் போய், பக்தியோடு செய்ய அவருக்குத் தெரிந்த வழியில் செய்துவிட்டார்.

அரைக் காப்பு, முழுக் காப்பு

வெள்ளிக்கிழமை காலை நானும் ரிஸ்வானும் வான் பிடித்து ஹேவாஹெட்டவுக்குப் போனோம். லயத்து வரிசை வீடுகளின் வாசலில் முருகேசு குளித்து, நெற்றியில் விபூதியோடு, செருப்பில்லாமல் நின்றார். வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த நூல். கூத்து மாஸ்டர் பெருமாள் பக்கத்திலேயே காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். காமன் கூத்தில் சாமி வேஷம் போடுகிறவருக்கு, கூத்தாடும் திடலான பொட்டலில் வைத்துக் காப்புக் கட்டுவார்கள். கூத்து முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை அவர் கவிச்சி சாப்பிடக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அவர் அப்போது முருகேசு இல்லை, சாமி. முருகேசு விரதத்துக்கு மட்டும் ஓர் அரைக் காப்புக் கேட்டிருக்கிறார். மாஸ்டர் முழுச் சடங்கும் செய்துவிட்டார்.

"மாஸ்டர், இது காமன் இல்லை, இயேசு" என்றேன்.

"சாமி வேசந்தானே டீச்சரம்மா? எந்தச் சாமின்னு காப்புக்குத் தெரியாதுங்க."

"அவிழ்த்துவிட்டுப் பிறகு கட்டலாமே?"

"கூத்து ஆடாம அவுத்தா இவனுக்குத்தான் ஆகாது." முருகேசுவின் மனைவி சாந்தி அதைக் கேட்டதும் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியைப் பார்த்த பிறகு எனக்கு மேலே வாதாட மனம் வரவில்லை.

நான் அங்கே நின்று யோசித்தேன். ரிஸ்வானுக்கு அந்தத் திருமுகத்தை யாரும் காட்டவே கூடாது. ஃபாதருக்குக் காட்டலாம், ஆனால் கதை சரியாக முடிய வேண்டும். இவர்களுக்கோ, காட்டுகிறவன் அந்தச் சாமியாகவே ஆகிவிடுகிறான். எனக்கு இந்த மூன்றும் இல்லை. நான்தான் இந்த நாடகத்தை எழுதியவள்!

ரிஸ்வான் இதற்குள் மூலையில் இருந்த தப்பு மேளத்தைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாஸ்டர், காமன் லயத்தச் சுத்தி வாற நேரம் எப்பிடிப் போறது?"

"தப்போட போவாரு. தப்புச் சத்தம் இருக்குற வரைக்கும் பொட்டல் அவரு கூடவே போகுதுன்னு கணக்கு."

"அப்ப தப்பு கண்டிக்கு வந்தா?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "அப்புடி யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

அரை மணி நேரம் தோட்டமே கூடிப் பேசியது. சத்தம் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது, முடிந்த கையோடு பொட்டலுக்கே திரும்பி வந்து காப்பு அவிழ்க்க வேண்டும் என்று முடிவானது. மாஸ்டரும் ஒரு தப்புக்காரரும் கூட வருவார்கள். சாந்தி சிரித்தாள். "எங்க போனாலும் சத்தமாத்தான் போவாரு" என்றாள்.

தலாத்துஓயா வழியாக

ஞாயிறு காலை வான் புறப்பட்டது. பின்னால் ஒரு பஸ் நிறையத் தோட்டத்துச் சனம். வானுக்குள் நடு இருக்கையில் இயேசு, இரண்டு பக்கமும் தப்பு. ஒவ்வொரு வளைவிலும் ஜனங்கள் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சிங்கள டிரைவர் முதல் மைல் முழுக்கக் காதைப் பொத்த வழி தேடினார், பிறகு ஹோர்னைத் தாளத்துக்கு அடிக்கத் தொடங்கிவிட்டார். தலாத்துஓயாவில் காய்கறி விற்ற ஒரு மனிதர் வானைப் பார்த்துக் கும்பிட்டார். யாரை என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

ஹேவாஹெட்டக் குளிரில் தப்பின் தோல் தொய்ந்துவிட்டது. ரொட்டிக் கடை ஒன்றில் வானை நிறுத்தி, தப்புக்காரர் தன் தப்பை அடுப்பில் காய்ச்சப் போனார். மாஸ்டர் தனியாக அடித்தார். அவருக்குக் கை சோர்ந்தது. தாளம் தடுமாறியது. முருகேசுவின் முகம் வெளுத்தது.

முன் இருக்கையில் இருந்த ரிஸ்வான் பின்னால் கையை நீட்டினார். "கொண்டாங்க."

மாஸ்டர் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கொடுத்தார். ரிஸ்வான் தப்பை மடியில் வைத்து, முன் கண்ணாடியையே பார்த்தபடி அடித்தார்.

"என்ன ரிஸ்வான், நபியக் கூட்டிக்கொண்டு போறியளோ?" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"நான் ரோட்டத்தான் பாக்கிறன் டீச்சர்" என்றார், தாளம் விடாமல்.

கை

மண்டபம் நிறைந்திருந்தது. ஃபாதர் கடைசியாக ஒருமுறை வந்தார். "பாட்டு?"

"மேடையில வரும் ஃபாதர்."

அவர் சிரிக்கவில்லை. அன்றுதான் அவருடைய சிரிக்காத முகத்தைப் பார்த்தேன். பாவம், எனக்காக அவர் தன் தலையைப் பணயம் வைத்திருந்தார். நம்புகிறேன் என்று பொய்யாக ஒரு வரி பாடிவிட்டால் எல்லோரும் சந்தோசமாக வீட்டுக்குப் போவார்கள். பாட முடியாது என்று எனக்குத் தெரியும். பாடாமல் விட்டால் அந்த நல்ல மனிதரைக் கைவிட்டதாகும்.

நாடகம் நன்றாகவே நடந்தது. தப்பு நிற்கக் கூடாது என்பதால் மேடையோரத்தில் மாஸ்டர் முழு நேரமும் மெல்ல அடித்துக்கொண்டிருந்தார். கிற்றார் கத்தும்போதும் அடியில் அது இருந்தது. தேத்தண்ணிப் பாட்டுக்குச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. திரைக்குப் பின்னால் நிழல் எழுந்து முருகேசு பாடத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கியது. நான் ரொக்குக்கு எழுதிய மெட்டு அவர் தொண்டையில் ரதியின் ஒப்பாரியாகவே வந்தது. சாவிலிருந்து திரும்பி வருகிறவர் அப்படித்தான் பாடுவார் என்று எனக்குப் பட்டது.

கடைசிக் கட்டம். ட்ரம்ஸ் நின்றது. ரிஸ்வான் கண்ணை மூடியது ஓரக்கண்ணில் தெரிந்தது. தப்பு மட்டும் கேட்டது. துணியின் பிளவு வழியாகக் கை வெளியே வந்தது.

ஒத்திகையில் உள்ளங்கையில் சிவப்புச் சாயம் பூசியிருப்போம். அன்று சாயம் இல்லை. காப்புக் கட்டிய உடம்பில் அது கூடாதாம். ஆணிக் காயத்தைத் தேடிய என் கண்ணில் மஞ்சள் நூல்தான் பட்டது. மெலிந்த கை. நான் கோபத்தில் சொன்ன ஒரு சொல்லுக்காக, தன்னுடைய கடவுள்கூட இல்லாத ஒருவருக்காக, இந்த மனிதன் இத்தனை நாள் விரதம் கிடந்து, வெறுங்காலோடு, தப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். வந்துவிட்டான்.

கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. மஞ்சள் மணத்தது.

"வந்திட்டியளே" என்றேன்.

அது இவரை நான் கூப்பிடுகிற குரல். இவர் வேலையால் வந்து கேற்றைத் திறக்கும்போதெல்லாம் நான் கேட்ட கேள்வி. மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. மறு நிமிடம் என்னால் பாட முடியவில்லை, அழுகையும் வரவில்லை, கையை மட்டும் விடவில்லை. தோட்டத்துப் பெண்கள் எழுந்து குலவை போட்டார்கள். கோயில் சனம் திகைத்துப் பார்த்து, பிறகு அதுவும் எழுந்தது. திரை மூடியது.

என் முறை

நாடகம் முடிந்த பிறகும் மண்டபத்து வாசலில் தப்பு ஓயவில்லை. மாஸ்டரும் தப்புக்காரரும் மாறி மாறி அடிக்க, முருகேசு பக்கத்துப் படியில் குந்தியிருந்தார். ஃபாதர் என்னிடம் வந்தார்.

"டீச்சர், அது நம்பினதோ, நம்பாததோ?"

"வராத ஆளோட ஒருத்தரும் கதைக்கிறதில்லையே ஃபாதர்."

ஃபாதர் தலையை ஆட்டினார். பிறகு அந்தப் பெரிய சிரிப்பு வந்தது. "இதையே மேலிடத்துக்கும் சொல்லுறன்" என்றார்.

"வான் எடுக்கிறதுக்கு முன்ன ஒரு சாயத்தண்ணி குடிச்சாத் தேவலங்க" என்றார் முருகேசு. "அது விரதத்துல சேத்தி இல்ல."

ரிஸ்வான் தட்டைத் தேடி எழுந்தார். "டீச்சர்ட முறைதான். சரி, நானே போறன்."

"இருங்கோ" என்றேன். "நான் போறன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரிஸ்வான் தட்டை என் கையில் தந்தார்.

"நான் வாறதுக்கிடையில ஒருத்தரும் எங்கயும் போயிடாதேங்கோ."

"எங்க டீச்சர் போறது? தப்புச் சத்தத்த வுட்டு ஒரு எட்டு நகர முடியாது" என்றார் முருகேசு.

தெரு முனைக் கடையில் கூட்டம். வாங்க நேரமெடுத்தது. கடைக்காரர் ஒவ்வொன்றாக ஊற்றும்போது என் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஆனால் அந்த நேரம் முழுக்க, வாகனச் சத்தத்துக்குள்ளும், தப்பு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு, சிந்தாமல், மெதுவாகவே நடந்து வந்தேன்.

எல்லோரும் இருந்தார்கள்.